‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’: பிட்யூட்டரி அறுவைக்குப் பின் மிஞ்சிய கட்டியின் ஐந்து ஆண்டுகள்

இங்கே வரும் நோயாளி ஒரே மனிதர் அல்லர். பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருந்து பல ஹார்மோன்களை இயக்கும் சிறு சுரப்பி) அறுவைக்குப் பின் மிச்சக் கட்டியோடு ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை ஒருவர்மீது ஏற்றி எழுதியிருக்கிறேன். அவருடைய அளவுகளும் தேதிகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. அவற்றின் பின்னால் உள்ள மருத்துவ நியாயம் நடைமுறையில் இருப்பதுதான்.

முதல் வருகையும் அறுவையும்

வயது 44, ஆண், கணக்கர். ஓராண்டுக்குள் இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் குறை தீரவில்லை. எழுத்து மங்கவில்லை; நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவு. ஆனால் அகலமான கணக்குத் தாளில் ஓரத்து எண்கள் விட்டுப்போயின, கதவு நிலையில் தோள் இடித்தது. மூன்றாவது முறை கண் மருத்துவர் கண்ணாடி எழுதாமல் பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்தார். இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை குறைந்திருந்தது. மேல் பாதியில் குறை அதிகம். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைக் கீழிருந்து ஏதோ அழுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய இடத்தில் 31 × 26 × 24 மி.மீ. கட்டி. மேலே பார்வை நரம்புச் சந்திப்பைத் தூக்கி வளைத்திருந்தது. இடப்பக்கம் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் சிரை அறைக்குள் புகுந்து, அதன் ஊடே மூளைக்குச் செல்லும் கரோடிட் தமனியை முழுவதுமாகச் சுற்றி வளைத்திருந்தது. 1993இல் வியன்னாவின் க்னோஸ்ப் குழுவினர் வகுத்த அளவுகோலில் இது கடைசிப் படியான 4.

பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்றான புரோலாக்டின் 48 நானோகிராம். சற்று உயர்வுதான், ஆனால் இந்த அளவுக் கட்டி புரோலாக்டினைச் சுரப்பதாக இருந்தால் எண் ஆயிரங்களில் நிற்க வேண்டும். மிக அதிக அளவு இருக்கும்போது பரிசோதனையே திணறிக் குறைவான எண்ணைக் காட்டுவதும் உண்டு என்பதால், இரத்த மாதிரியை நீர்த்து மறுபடி பார்த்தோம். அதே எண். பிட்யூட்டரித் தண்டு நசுங்கியதால் வந்த உயர்வு என்று முடிவானது. வளர்ச்சி ஹார்மோன் மிகையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 வயதுக்கேற்ற அளவில் இருந்தது, உடலின் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்ட்டிசாலும் மிகை இல்லை. ஆக, ஹார்மோன் எதையும் மிகையாகச் சுரக்காத கட்டி.

மிகை இல்லையே தவிர, குறைகள் ஏராளம். காலைக் கார்ட்டிசால் 4.1 மைக்ரோகிராம். டெஸ்டோஸ்டிரோனும் அதைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களும் சேர்ந்தே தாழ்ந்திருந்தன. தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு, தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். மட்டும் இயல்பு. அந்த டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து ‘தைராய்டு நலம்’ என்று எழுதிய பழைய அறிக்கை ஒன்றும் அவர் கோப்பில் இருந்தது. பிட்யூட்டரி நோயில் டி.எஸ்.எச். நம்பத்தகுந்த சாட்சி அல்ல. சாட்சி சொல்ல வேண்டிய சுரப்பியே நோயுற்றிருக்கிறது. முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன், சில நாள்கள் கழித்துத்தான் தைராய்டுக்கு ஈடான தைராக்சின். இந்த வரிசை மாறினால், உடலில் மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்ட்டிசாலையும் தைராக்சின் வேகமாகக் கரைத்து நோயாளியை அபாயத்தில் தள்ளிவிடும்.

மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி அறுவை நடந்தது. மேல்நோக்கி வளர்ந்த பகுதி முழுவதும் எடுக்கப்பட்டு, பார்வை நரம்புச் சந்திப்பு அதன் பழைய இடத்துக்கு இறங்கியது. கேவர்னஸ் சைனஸுக்குள் இருந்த பகுதியை அறுவை நிபுணர் வேண்டுமென்றே விட்டார். கரோடிட் தமனியோடு, கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்புக் கிளைகள் இரண்டும் அந்தக் குறுகிய இடத்தில்தான் ஓடுகின்றன. மெதுவாக வளரும் தீங்கற்ற கட்டியின் கடைசித் துணுக்குக்காகத் தமனியைக் கிழிக்கும் அபாயத்தை ஏற்பது வீரமாகத் தோன்றலாம். நல்ல அறுவை ஆகாது.

இரண்டு நாள் சிறுநீர் மிகுதியாகப் போய்த் தானே நின்றது. மூன்று மாதத்தில் பார்வைப் பரப்பு ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. அறுவைக்கு முன் எடுத்த ஓ.சி.டி. என்ற விழித்திரை ஸ்கேனில் விழித்திரை நரம்பிழை அடுக்கு மெலியாமல் இருந்ததால் இதை எதிர்பார்த்திருந்தோம். கார்ட்டிசால் சுரப்பும் மீண்டது, ஹைட்ரோகார்ட்டிசோன் நிறுத்தப்பட்டது. தைராக்சினும் டெஸ்டோஸ்டிரோனும் தொடர்ந்தன.

கட்டி எந்த வகைப் பிட்யூட்டரி செல்லிலிருந்து வந்தது என்பதைச் சில புரதக் காரணிகள் காட்டும். திசு ஆய்வில் எஸ்.எஃப்.-1 காரணி இருந்தது, டிபிட், பிட்-1 இரண்டும் இல்லை. அதாவது எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரக்கும் செல்களின் வழிவந்த கோனடோட்ரோஃப் மரபு. செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 குறியீடு 2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2017, 2022 வகைப்பாடுகள் இந்த மரபுக் காரணிகளைத்தான் அடிப்படையாக வைக்கின்றன. பழைய ‘இயல்பற்ற அடினோமா’ என்ற பிரிவு 2017இலேயே கைவிடப்பட்டுவிட்டது. எஸ்.எஃப்.-1 கட்டிகள் பொதுவாகச் சாதுவானவை. டிபிட் இருந்து, ஆனால் ஹார்மோன் வெளிப்படாத ‘மௌன’ கார்ட்டிகோட்ரோஃப் கட்டியாக இருந்திருந்தால் தொடக்கத்திலிருந்தே எங்கள் காலண்டர் வேறாக இருந்திருக்கும். அவை திரும்ப வளர்வதில் முந்திக்கொள்பவை.

ஐந்து அறிக்கைகள்

அறுவை முடிந்த நான்காம் மாதம் அடிப்படைப் படம் எடுக்கப்பட்டது. அதற்கு முன் எடுத்தால் இரத்தக் கசிவு, வீக்கம், அடைப்புக்கு வைத்த கொழுப்பு ஆகியவை கட்டியோடு கலந்து குழப்பும்; 3 முதல் 6 மாதம் கழித்து எடுப்பதே வழக்கம். மிச்சம் 11 × 9 × 8 மி.மீ. கேவர்னஸ் சைனஸுக்குள், தமனியை ஒட்டி.

மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தும் உடனே கதிர்வீச்சு தரவில்லை. ஒரு காலத்தில் தருவதுதான் வழக்கம். பிட்யூட்டரி சுரப்பு படிப்படியாக மங்குவதும், நீண்ட காலத்தில் மூளை இரத்தக்குழாய் நோய்க்கும் இரண்டாம் கட்டிக்கும் உள்ள சிறிய ஆனால் உண்மையான வாய்ப்பும் தெரியவந்த பிறகு, ‘வளர்ந்தால் பார்க்கலாம்’ என்ற நிலைப்பாடு பரவலானது. வேறு சிகிச்சையின்றி விடப்பட்ட மிச்சங்களில் வளர்ச்சி காண்பவை 15 முதல் 66 சதவீதம் வரை என்று வெளியான தொடர்கள் (நோயாளித் தொகுப்பு ஆய்வுகள்) சொல்கின்றன. இவ்வளவு அகலமான இடைவெளி கட்டிகளின் குணத்தால் மட்டும் வந்ததல்ல. எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள், எதை ‘வளர்ச்சி’ என்று எண்ணினார்கள் என்பதில் ஒவ்வொரு தொடரும் வேறுபடுகிறது. நோயாளியிடம் ‘பாதிக்குப் பாதி’ என்று நான் சொல்வதுண்டு. அது நேர்மையான மதிப்பீடு; துல்லியம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஒரு ஸ்கேனைக்கூடத் தவறவிடவில்லை. வேலை காரணமாக ஊர் மாறியதால் மூன்று வெவ்வேறு மையங்களில் எடுத்தார். முதல் ஆண்டு 11 × 10 × 8. இரண்டாம் ஆண்டு 12 × 10 × 9. மூன்றாம் ஆண்டு 13 × 11 × 9. நான்காம் ஆண்டு 13 × 12 × 10. ஐந்தாம் ஆண்டு 14 × 12 × 11. ஒவ்வோர் அறிக்கையும் அதற்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்றது.

தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் சரி. எந்த ஆண்டும் எந்தத் திசையிலும் 1 மி.மீ.க்கு மேல் கூடவில்லை. 3 மி.மீ. தடிப்பில் எடுக்கப்பட்ட படத்தில், ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு மிச்சத்தை இரண்டு பேர் அளந்தாலே 1, 2 மி.மீ. வித்தியாசம் வரும். அதை வளர்ச்சி என்று எழுதினால் தேவையற்ற பீதி. ஆகவே அறிக்கை எழுதிய கதிரியக்க நிபுணர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அதற்கு முந்தைய படம் மட்டும். முதல் ஆண்டுக்குப் பின், நான்காம் மாதப் படம் பதிவான குறுந்தகடு நோயாளியின் வீட்டு அலமாரியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் கொண்டுபோகவில்லை.

அடுக்கி அளந்தபோது

ஐந்தாம் ஆண்டு இறுதியில் எங்கள் பிட்யூட்டரி ஆலோசனைக் குழுவுக்கு அவர் வந்தது கட்டிக்காக அல்ல. டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் அளவைச் சரிசெய்ய. கோப்பில் எல்லாப் படங்களையும் சேர்ப்பது எங்கள் வழக்கம் என்பதால் குறுந்தகடும் வந்தது. ஆறு படங்களையும் ஒரே திரையில், ஒரே வெட்டுத் தளத்தில், முதலில் இருந்து கடைசிவரை வரிசையாக வைத்தோம். அளவுகோலே தேவைப்படவில்லை.

பிறகு அளந்தோம். மூன்று விட்டங்களைப் பெருக்கி ஏறக்குறைய பாதியாக்கினால் நீள்கோளத்தின் கன அளவு கிடைக்கும். நான்காம் மாதத்தில் 0.41 மி.லி.; அடுத்தடுத்த ஆண்டுகளில் 0.46, 0.57, 0.67, 0.82, 0.97. நீண்ட விட்டம் 11இலிருந்து 14 ஆனபோது கன அளவு 2.3 மடங்காகியிருந்தது. மூன்று திசையிலும் 26 சதவீதம் கூடினாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும், 10 மி.மீ. கட்டியில் அது வெறும் 2.6 மி.மீ. விட்டத்தை மட்டும் எழுதும் அறிக்கையில் ஓர் இரட்டிப்பு முழுவதும் ஒளிந்துகொள்ள இடம் உண்டு என்பது இதனால்தான்.

இரட்டிப்புக் காலத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3.8 ஆண்டுகள். ஹார்மோன் சுரக்காத மிச்சங்களில் ஓராண்டுக்குள் இரட்டிப்பாவதும் உண்டு, பல பத்தாண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு. இவருடையது நடுத்தரத்தில் சற்றுச் சுறுசுறுப்பானது. வயது குறைந்தவர்களில் மிச்சம் வேகமாக வளரும் என்பது பல தொடர்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. 44 வயது அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கி-67 குறைவு, மரபு சாது என்று திசு அறிக்கை தந்த ஆறுதல் இங்கே உதவவில்லை. ஒரு மிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் சாயப் பூச்சுகளைவிட, அடுத்தடுத்த படங்களில் அதன் சொந்த வேகமே நன்றாகச் சொல்கிறது என்பது என் முடிவு. அந்த வேகத்தைப் பார்க்க முதல் படம் வேண்டும்.

கன அளவைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது இன்னோர் எண். மிச்சத்தின் மேல் விளிம்புக்கும் பார்வை நரம்புச் சந்திப்புக்கும் இடையே நான்காம் மாதத்தில் 7 மி.மீ. வெற்றிடம் இருந்தது. இப்போது 4. ஐந்து அறிக்கைகளில் ஒன்றில்கூட இந்த இடைவெளி அளக்கப்படவில்லை. கேட்கப்படாததை யாரும் அளப்பதில்லை. காமா நைஃப் போன்ற ஒரே அமர்வுக் கதிர் அறுவைக்குக் கட்டியின் விளிம்பில் 14 முதல் 16 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தேவை. பார்வை நரம்பு ஒரே தவணையில் தாங்குவது 8 முதல் 10 கிரே. சில மையங்கள் 12 வரை ஏற்கின்றன. கட்டியின் விளிம்பில் உள்ள கதிர் அளவு நரம்பு தாங்கும் அளவுக்கு இறங்குவதற்குக் குறைந்தது 3 மி.மீ. இடம் வேண்டும், 5 இருந்தால் நிம்மதி. இடைவெளி மூடிவிட்டால் அந்த ஒரே அமர்வு என்ற வாய்ப்பே போய்விடும்.

எதைச் செய்வது

அறுவை நிபுணர், கதிர் மருத்துவர், கதிரியக்க நிபுணர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரான நான் ஆகியோர் கூடிப் பேசினோம். கருத்து உடனே ஒன்றாகவில்லை.

மறு அறுவையை அறுவை நிபுணரே தள்ளிவைத்தார். முதல் முறை எடுக்க முடியாத இடம் இரண்டாம் முறை எளிதாகிவிடாது. தழும்பு வேறு சேர்ந்திருக்கும். இடைவெளி ஏற்கெனவே மூடியிருந்தால் மேல் விளிம்பை மட்டும் சீவி இடம் உண்டாக்க அறுவை பயன்படும், அது வேறு கணக்கு.

கேபர்கோலின் மாத்திரை பற்றி நீண்ட விவாதம். 2019இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், இத்தகைய மிச்சமுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 59 பேருக்குக் கேபர்கோலின் தந்து 57 பேரைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். இரண்டு ஆண்டில் மருந்துக் குழுவில் 28.8 சதவீதத்தினருக்கு மிச்சம் சுருங்கியது, 5.1 சதவீதத்தினருக்கு வளர்ந்தது. மருந்தில்லாக் குழுவில் இவை முறையே 10.5, 15.8. மலிவான, வாரம் ஓரிரு முறை விழுங்கும் மாத்திரைக்கு இது மோசமான விளைவு அல்ல. ஆனால் பெரும்பாலோருக்கு இரு குழுவிலும் மிச்சம் அப்படியேதான் இருந்தது, இரண்டு ஆண்டு குறுகிய காலம். முதல் ஆண்டிலேயே வளர்ச்சி கண்டுபிடிக்கப்பட்டு, 7 மி.மீ. இடைவெளி கையிலிருந்தால் நான் மாத்திரையைத்தான் முதலில் கொடுத்திருப்பேன். 4 மி.மீ.யில் மருந்தைச் சோதித்துப் பார்த்து, தோற்றால் இழப்பது இடைவெளியை.

45 முதல் 54 கிரேவை 25 முதல் 30 தவணைகளாகப் பிரித்துத் தரும் கதிர்வீச்சு, கட்டி பார்வை நரம்பைத் தொட்டிருந்தால் சரியான தேர்வு. இங்கே ஒரே அமர்வில் முடிக்க வழி இருந்தது. வட அமெரிக்க மையங்கள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட 512 நோயாளிகளின் தொடரில், காமா நைஃபுக்குப் பின் 5 ஆண்டில் 95 சதவீதமும் 10 ஆண்டில் 85 சதவீதமும் கட்டி கட்டுக்குள் இருந்தது. விலையும் அதிலேயே இருக்கிறது: 21 சதவீதத்தினருக்குப் புதிதாகவோ கூடுதலாகவோ ஹார்மோன் குறைவு, 9 சதவீதத்தினருக்கு மூளை நரம்புப் பாதிப்பு.

இன்னும் ஓராண்டு பொறுத்துப் பார்ப்போம் என்ற குரலும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில மிச்சங்கள் வளர்ந்து பின் தாமாகவே நிற்கின்றன. ஆனால் ஆறு படங்களும் ஒரே திசையைக் காட்டிய பிறகு, ஏழாவதிடம் வேறு பதிலை எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

நோயாளியும் அவர் மனைவியும் படங்களை வரிசையாகப் பார்த்தார்கள்.

“எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, டாக்டர். பார்வை நன்றாக இருக்கிறது. தலைவலிகூட இல்லை. இப்போது எதற்குச் சிகிச்சை?”

“பார்வை நன்றாக இருப்பதால்தான் இப்போது. மறைக்கத் தொடங்கிய பிறகு என்றால் இன்னோர் அறுவையும், அதன் மேல் ஆறு வாரக் கதிர்வீச்சும் வேண்டியிருக்கும்.”

மனைவிக்கு வேறு சந்தேகம். “ஐந்து வருடமாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அதுதான் கட்டியை வளர்த்ததா?”

இந்தக் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வருகிறது, பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை. சிலர் மருந்தைத் தாங்களே நிறுத்தியும் விடுகிறார்கள். குறைந்ததை ஈடுசெய்யும் அளவில் தரப்படும் தைராக்சின், டெஸ்டோஸ்டிரோன் இவற்றால் மிச்சம் வளர்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அதிகம் சந்தேகிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் ஈட்டுச் சிகிச்சையிலும், அது மீள்வளர்ச்சியைக் கூட்டவில்லை என்றே பின்தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. புற்றுநோயா என்றும் கேட்டார்கள். உடலின் வேறிடத்துக்குப் பரவும் பிட்யூட்டரிக் கட்டி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இது உள்ளூரில் இடம் பிடிக்கும் கட்டி, அவ்வளவே.

ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார்கள். விளிம்பில் 15 கிரே. பார்வை நரம்புச் சந்திப்புக்குச் சென்ற உச்ச அளவு 7.6.

அதற்குப் பின்

ஆறாம் மாதப் படத்தில் 0.98 மி.லி. அவர் முகம் வாடியது. கதிருக்குப் பின் கட்டி உடனே சுருங்காது, சிலருக்கு முதலில் சற்று வீங்கவும் செய்யும் என்று முன்பே சொல்லியிருந்தோம். எண்ணை நேரில் பார்க்கும்போது அது நினைவில் நிற்பதில்லை. ஓராண்டில் 0.95, மூன்றாம் ஆண்டில் 0.78. இடைவெளி 4 மி.மீ.யிலிருந்து 5 ஆனது. பார்வைப் பரப்பு முழுமையாக இருக்கிறது, இரட்டைப் பார்வையோ முக மரப்போ இல்லை.

இரண்டாம் ஆண்டு நெருங்கும்போது அசதி தொடங்கியது. காலையில் எழ முடியவில்லை, எடை கொஞ்சம் இறங்கியது. வேலைச் சுமை என்றே நினைத்திருந்தார். காலைக் கார்ட்டிசால் 5.2, கார்ட்டிசால் சுரப்பைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் ஊசிக்குப் பிறகும் வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. அறுவைக்குப் பின் மீண்டிருந்த சுரப்பு கதிரால் மறுபடி போயிற்று. அந்த 21 சதவீதத்தில் இவரும் ஒருவர். இப்போது ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மூன்று வேளையாகப் பிரித்து. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை நிற்காவிட்டால் ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். ஊசி போடும் முறையை மனைவி கற்றுக்கொண்டிருக்கிறார், ஸ்டீராய்டு எச்சரிக்கை அட்டை பணப்பையில் இருக்கிறது.

ஸ்கேன் கோரிக்கைப் படிவத்தில் இப்போது மூன்று வரி கூடுதலாக எழுதுகிறோம்: நான்காம் மாதப் படத்தோடு ஒப்பிடுக, மூன்று விட்டமும் கன அளவும் தருக, பார்வை நரம்புச் சந்திப்புக்கு உள்ள இடைவெளியை அளக்க. கடைசி அறிக்கையில் மூன்றும் வந்திருந்தன. அடுத்த படம் ஓராண்டில், நிலையாக இருந்தால் அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஹார்மோன் பரிசோதனையை மட்டும் ஆண்டுதோறும் தொடர்கிறோம். கதிரின் விளைவு பத்தாண்டு கழித்தும் தலைகாட்டக்கூடும்.